அறை கட்டுவது கடைசி வேலை

பென்சிலால் வரைந்த அந்தப் படத்தில் எட்டுக் குடில்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஷீரே ஆற்றைப் பார்த்த மாதிரி தனி வராந்தா. நடுவில் நீச்சல் குளம், அதன் பக்கத்தில் சாப்பாட்டுக் கூடம், வண்டிகள் நிறுத்த ஒரு கூரை. படத்தின் வலது பாதி முழுக்க வெறும் காகிதம். அங்கே ஒரு அம்புக்குறி போட்டு 'மிருகங்கள்' என்று எழுதியிருந்தது.

"எப்படி இருக்கிறது பாய்?" என்றார் நண்பர்.

இது 2022 ஜூலைக் கடைசியில் நடந்தது. அப்போது நான் மலாவியின் பிளான்டயர் நகரில், கோயம்புத்தூர் மோட்டார்களை இறக்குமதி செய்து விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பரின் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் குஜராத்திலிருந்து போனது. எங்கள் இருவரையுமே அங்கே 'அம்வென்யே' என்றுதான் சொல்வார்கள், இந்தியர் என்று அர்த்தம். ஆனால் அவர் சிச்சேவா பேசினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. கீழ் ஷீரே பள்ளத்தாக்கில் அவருக்குத் தாத்தா காலத்து நிலம் முந்நூறு ஏக்கர் சொச்சம் இருந்தது. பருத்தி போட்டுப் பார்த்தார், கைக்காசுதான் போனது. இப்போது வேலி போட்டு நாலு மான், பத்து வரிக்குதிரை வாங்கி விட்டு, விடுதி கட்டினால் என்ன என்று யோசனை. என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: போர் எத்தனை மீட்டர் போட வேண்டும், மோட்டார் எத்தனை குதிரைத்திறன்?

"முதலில் மஜேட்டே காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம், அப்புறம் சொல்கிறேன்" என்றேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. கொஞ்சம் நேரம் வாங்கினேன், அவ்வளவுதான்.

ஷீரே என்று எழுதுகிறேன். ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு 'ஷயர்' என்று படித்தால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். மலாவி ஏரியிலிருந்து புறப்பட்டுத் தெற்கே இறங்கி ஸாம்பெஸியில் சேரும் ஆறு அது. பிளான்டயர் மேட்டில் இருக்கிறது, ஆகஸ்டில் காலையில் ஸ்வெட்டர் வேண்டும். அங்கிருந்து சிக்வாவா நோக்கி மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கினால், பாதி வழியிலேயே ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவோம். அடிவாரத்தில் இறங்கும்போது சட்டைப் பொத்தானைத் தேடும் கை. அக்டோபரில் அந்தப் பள்ளத்தாக்கில் 40 டிகிரி என்பது செய்தியே கிடையாது.

அந்த வருடம் ஜனவரியில் 'ஆனா' என்ற புயல் வந்து சிக்வாவா முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. கபிச்சிரா அணை உடைப்பெடுத்து, 129.6 மெகாவாட் மின்நிலையம் நின்றுபோனது. சின்ன நாடு, அதன் மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் ஒரே இரவில் காணாமல் போனால் எப்படி இருக்கும்? நாங்கள் பிளான்டயரில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கணக்கு எழுதினோம். டீசலுக்கு வரிசை. எங்கள் கடையில் சோலார் மோட்டார்களுக்குத்தான் கிராக்கி. அந்தக் கபிச்சிராவை ஒட்டித்தான் மஜேட்டே காட்டின் நுழைவாயில். 1859இல் லிவிங்ஸ்டன் ஷீரே வழியாகப் படகில் மேலேறி வந்தபோது அவரை மறித்த அருவித் தொடரில் கபிச்சிராவும் ஒன்று.

மஜேட்டே 700 சதுர கிலோமீட்டர். 1955இல் வனவிலங்குக் காப்பகமாக அறிவித்தார்கள். அறிவிப்பு காகிதத்தில் இருந்தது, காட்டில் துப்பாக்கி இருந்தது. 1992இல் கடைசி யானையும் போய்விட்டது. காண்டாமிருகம் அதற்கும் முன்பே இல்லை. சிங்கம் இல்லை, எருமை இல்லை. ஒளிந்துகொள்ளத் தெரிந்த கொஞ்சம் மான் வகைகள் மட்டும் மிச்சம். 2003இல் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் என்ற அமைப்பு, மலாவி அரசின் வனவிலங்குத் துறையோடு 25 வருட ஒப்பந்தம் போட்டு இந்தக் காட்டை எடுத்தபோது, அங்கே வேலையில் இருந்தவர்கள் 12 பேர். அதற்கு முந்தைய வருடங்களில் சுற்றுலாப் பயணி என்று ஒருவர்கூட வரவில்லை. அந்த அமைப்பு கையில் எடுத்த முதல் காடே இதுதான்.

பார்க்க ஒன்றுமில்லாத ஒரு காட்டை ஏன் எடுத்தார்கள் என்று நண்பர் கேட்டார். எனக்கு வேறு கேள்வி இருந்தது. முதல் வருடம், கையில் கொஞ்சம் பணம், 12 ஆட்கள். எதை முதலில் கட்டுவாய்?

அவர்கள் கட்டியது வேலி. அதுவும் முழுக் காட்டுக்கு இல்லை. வடகிழக்கு மூலையில் சுமார் 140 சதுர கிலோமீட்டரை மட்டும் அடைத்து, காட்டுக்குள் ஒரு சின்னச் சரணாலயம் செய்தார்கள். 2003இலேயே கறுப்புக் காண்டாமிருகங்கள் வந்து இறங்கியது அதற்குள்தான். அடுத்த சில வருடங்களில் எருமை, வரிக்குதிரை, மான் வகைகள் என்று 2,500க்கும் மேற்பட்ட விலங்குகளை லாரி லாரியாகக் கொண்டுவந்தார்கள். காட்டின் எல்லை முழுவதற்கும் வேலி முடிய 2008 ஆனது. அது 142 கிலோமீட்டர். பிறகு 2011இல் உள்வேலியைப் பிரித்துவிட்டார்கள். நாற்றங்காலில் விட்டு, வேர் பிடித்தபின் வயலுக்கு மாற்றுகிற மாதிரி.

எங்களோடு வந்த வழிகாட்டி ஐம்பதைத் தொட்டவர். மரியாதையாகப் 'பாம்போ' என்று கூப்பிட வேண்டும். நண்பர் அவரிடம் சிங்கம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் வேலியோரமாகக் கொஞ்சம் நடக்க முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இத்தனை தூரம் வந்து கம்பியைப் பார்க்கிறேன் என்கிற ஆள் அவருக்குப் புதிது போல.

எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விட்டு யானை செத்த செய்தி அடிக்கடி வரும். இது அது இல்லை. இதில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும், ஆனால் தொடர்ந்து ஓடாது. ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக, ஒரு துடிப்பு. தொட்டால் தூக்கிவாரிப் போடும், ஆனால் கொல்லாது. கம்பி யானையைத் தடுத்து நிறுத்துவதில்லை, நிறுத்தவும் முடியாது. அடி வாங்கிய நினைவுதான் நிறுத்துகிறது. தந்தத்தில் மின்சாரம் பாயாது என்று கண்டுபிடித்துத் தந்தத்தாலேயே கம்பியை நெம்பும் யானைகள் உண்டு. மரத்தை முறித்து வேலிமேல் தள்ளிவிட்டு நடந்து போகிற யானைகளும் உண்டு. ஆகவே வேலியைக் கட்டி முடித்தோம் என்று ஒரு நாள் வராது. மழைக்காலத்தில் புல் வளர்ந்து கீழ்க் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். புல் வெட்ட ஆள் வேண்டும். துடிப்பு எவ்வளவு என்று அளக்க ஆள் வேண்டும். ஓடை கடக்கும் இடத்தில் வெள்ளம் வந்தால் வேலி போய்விடும், மறுபடி கட்ட வேண்டும். பால்காரர் மாதிரி தினமும் ஒருவர் தன் பங்குக் கிலோமீட்டரை நடந்தே ஆக வேண்டும்.

"கம்பியிலேயே ஆபத்தும் இருக்கிறது" என்றார் பாம்போ. வேலிக்கம்பியை யாராவது அறுத்துக்கொண்டு போனால் அதிலேயே சுருக்கு செய்து காட்டுக்குள் வைத்துவிடலாம். நல்ல எஃகு, அறுபடாது. காப்பாற்றப் போட்ட கம்பியே மான் கழுத்தை இறுக்கும்.

நண்பர் அப்போதுதான் தன் நோட்டில் வேலிக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினார்.

யானைகள் மஜேட்டேவுக்கு 2006இல் திரும்பி வந்தன. 2009இல் ஃபிரிலோங்வே என்ற இடத்திலிருந்து இன்னும் 80க்கும் மேல். அங்கே ஊருக்கும் யானைக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பக்கமும் சாவு. யானையை மாற்றுகிற வேலையை நான் பார்த்ததில்லை, படத்தில் பார்த்ததோடு சரி. ஹெலிகாப்டரிலிருந்து மயக்க ஊசி. கூட்டத் தலைவி, அக்கா, தங்கை, குட்டி என்று குடும்பத்தையே ஒன்றாகச் சாய்க்க வேண்டும். ஒருத்தி பிரிந்தால் மற்றவை இருப்புக்கொள்ளாது. விழுந்த யானை மூச்சு விடத் தும்பிக்கை நுனியில் ஒரு சின்னக் குச்சியைச் செருகி வைப்பார்கள். வெயில் படாமல் காதை மடித்துக் கண்ணை மூடுவார்கள். அப்புறம் கிரேன், நான்கு காலிலும் பட்டை கட்டித் தலைகீழாகத் தூக்கி லாரியில் ஏற்றும். அத்தனை பெரிய உடம்பு காற்றில் தொங்குவதைப் பார்த்தால் எவருக்கும் மனசு ஒரு மாதிரி ஆகும். மாற்று ஊசி போட்ட சில நிமிடங்களில் அது பெட்டிக்குள் எழுந்து நிற்கும்.

சிறுத்தையும், 2012இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து சிங்கமும் வந்தன. யானைகள் பெருகின, எவ்வளவு என்றால் 2016, 2017இல் மஜேட்டேவும் லிவோண்டே என்ற இன்னொரு காடும் சேர்ந்து 520 யானைகளை நக்கோட்டகோட்டா காட்டுக்கு அனுப்பின. அதில் 150க்கும் மேல் இங்கிருந்து போனவை. 24 வருடத்துக்கு முன் ஒன்றுகூட இல்லாத காடு, அடுத்த காட்டுக்குச் சீர் அனுப்பியது. 2018இல் ஒட்டகச்சிவிங்கி, 2019இல் சிவிங்கிப்புலி, 2021இல் காட்டுநாய்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் மஜேட்டே போவதற்குச் சில வாரங்கள் முன்னால், அதே 2022 ஜூலையில், லிவோண்டேவிலிருந்து 263 யானைகளைக் கசுங்கு தேசியப் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். நாளிதழ்களில் பெருமையாகப் படம் வந்தது. கசுங்குவின் எல்லை வேலி அப்போது முடிந்திருக்கவில்லை. யானைகள் பக்கத்துக் கிராமங்களின் சோளக்காட்டுக்குள் நடந்தன, எல்லைக்கு அந்தப் பக்கம் ஸாம்பியாவுக்குள்ளும் போயின. பின்வந்த மாதங்களில் மனிதர்கள் செத்தார்கள், தானியக் களஞ்சியங்கள் உடைந்தன. பாதிக்கப்பட்டவர்கள் வழக்கறிஞர்களை நாடும் அளவுக்குப் போனது. அதே நாடு, அதே யானைகள், அதே லாரி. மாறியது வரிசை மட்டும். எந்த வேலை முன்னால், எந்த வேலை பின்னால் என்பதில் ஒரு படி தவறினால், அதன் விலையைப் படத்தில் இருப்பவர்கள் கொடுப்பதில்லை.

சரி, தண்ணீருக்கு வருகிறேன், என் தொழில் அது. மஜேட்டேவின் கிழக்கே ஷீரே ஓடுகிறது, உள்ளே முக்குலுமாட்ஸி ஆறு இருக்கிறது. மாட்ஸி என்றால் தண்ணீர். ஆனால் வெயில் காலத்தில் ஆற்றை விட்டு உள்ளே போனால் காய்ந்த மோப்பானே மரங்களும் பாறையும்தான். விலங்குகள் எல்லாம் ஆற்றங்கரையிலேயே நெருக்கியடித்தால் அங்கே ஒரு புல்லும் மிஞ்சாது. அதனால் போர் போட்டு, குட்டைகளில் நீர் விட்டு, விலங்குகளைப் பரவலாக இருக்க வைக்கிறார்கள். ஒரு குட்டையோரம் மறைவிடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நியாலா மான்கள் வந்தன, காட்டுப்பன்றி குடும்பத்தோடு வந்தது, அப்புறம் அவசரமே இல்லாமல் ஒரு யானை. நண்பர் கேமராவை எடுத்தார். நான் குழாய் எந்தப் பக்கமாக வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோவைக்காரனுக்கு மோட்டார் சத்தம் கேட்காமலே தண்ணீர் வருகிறது என்றால் நிம்மதி இருக்காது. பூமிக்கு அடியில் தண்ணீர் ஓடும் குழாயை யானை மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும் என்பது ஆப்பிரிக்காவில் மோட்டார் விற்பவன் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் பாடம். ஆழமாகப் புதைக்க வேண்டும். சோலார் தகட்டைச் சுற்றி யானை கால் வைக்கக் கூசும் கூர்க்கற்களைப் பரப்பலாம். எங்கள் விலைப்பட்டியலில் இதற்கெல்லாம் இடம் கிடையாது.

விடுதியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அழகாக இருந்தது. காட்டு நிர்வாகமே நடத்தும் தாவாலே என்ற முகாமில் இரவு தங்கினோம். கூடாரத் துணிச் சுவர், குட்டையைப் பார்த்த வராந்தா, நல்ல சாப்பாடு. முக்குலுமாட்ஸி ஆறு ஷீரேவோடு கலக்கும் இடத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் விடுதி இருக்கிறது, தொங்கு பாலத்தில் நடந்துதான் உள்ளே போக வேண்டும். வாடகையைக் கேட்டுவிட்டுப் பாலத்தை மட்டும் பார்த்துத் திரும்பினோம். நான் குறித்துக்கொண்டது தேதியை. அந்த விடுதி திறந்தது 2011இல். முதல் காண்டாமிருகம் வந்து இறங்கி எட்டு வருடம் கழித்து.

இரவுச் சாப்பாட்டின்போது நண்பர் நோட்டைத் திறந்தார். எட்டுக் குடில், வருடத்தில் பாதி நாள் நிரம்பினால் இவ்வளவு, அதில் சமையல், சம்பளம், டீசல் போக இவ்வளவு. அடுத்த பக்கத்தில் வேலி. கூட்டிப் பார்த்தார், இன்னொரு முறை கூட்டினார்.

"இவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?"

ஆகவில்லை, அதுதான் பதில். அறை வாடகையும் நுழைவுக் கட்டணமும் சேர்ந்து இந்தக் காட்டின் செலவை ஈடுகட்டுவதில்லை. வெளிநாட்டு அறக்கட்டளைகளும் அரசுகளும் கொடுக்கிற பணத்தில்தான் வேலியும் காவலும் நடக்கின்றன. 'சுற்றுலா காட்டைக் காப்பாற்றும்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம். சுற்றுலா உதவும், நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு அது வேலையும் தந்திருக்கிறது. ஆனால் காட்டைக் காப்பாற்றும் அளவுக்கு அது சம்பாதிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கொரோனா காலத்தில் உலகம் முழுக்க விமானம் நின்றபோது, அறை வாடகையை மட்டும் நம்பியிருந்த இடங்கள் காவலருக்குச் சம்பளம் போட முடியாமல் திண்டாடின. வேட்டைக்காரனுக்கு விமானம் தேவையில்லையே.

இன்னொன்றும் நோட்டில் இல்லை. மஜேட்டேவைச் சுற்றி ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள் இருக்கிறார்கள். விறகு, மீன், கூரை வேயும் புல், இறைச்சி என்று ஒரு காலத்தில் எல்லாம் அந்தக் காட்டிலிருந்துதான். வேலி போட்டால் யானை வெளியே வராது, சரி, ஆனால் அவர்களும் உள்ளே போக முடியாது. புல் அறுக்க அனுமதி, தேனீ வளர்ப்பு, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, ஊர்க்குழுக்கள் என்று வருடக்கணக்காகப் பேசிப் பேசித்தான் இந்த அமைதி வந்திருக்கிறது. சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு மலேரியாத் திட்டமும் நடந்தது. வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அடைத்துக் கொசுவைத் தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். மறுநாள் காலை பாம்போவிடம், முன்பு இந்தக் காட்டில் வேட்டையாடியவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். அவர் தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "சிலர் சீருடை போட்டிருக்கிறார்கள்" என்றார். அவர் போட்டிருந்ததும் சீருடைதான். மேற்கொண்டு கேட்கவில்லை.

திரும்பும் வழியில் நண்பர் வெகுநேரம் பேசவில்லை. மலையேறி ஸ்வெட்டர் போடும் உயரம் வந்தபோது, "முந்நூறு ஏக்கரில் யானை வைக்க முடியாது, இல்லையா?" என்றார். யானை ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டுதான் நிற்க முடியும் என்றேன். அவர் சிரித்தார். பிறகு, "போர் போடுவோம். அதையாவது போடுவோம்" என்றார்.

செப்டம்பரில் போட்டோம். 45 மீட்டரில் தண்ணீர். கீழ் ஷீரேயில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் வாயில் விட்டுப் பார்க்கும்வரை ஒரு நம்பிக்கை இருக்குமே. துப்பிவிட்டேன். குடிக்க ஆகாது, டீ போட்டால் திரிந்துபோகும், நீச்சல் குளத்துக்கும் ஆகாது. நண்பர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். வந்ததை வீணாக்குவானேன் என்று ஒரு சின்ன சோலார் மோட்டாரை மாட்டி, பழைய பருத்திக் கிடங்கின் பக்கம் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டி விட்டோம்.

முதலில் வந்தவை பக்கத்துக் கிராமத்து ஆடுகள். அவற்றுக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. விரட்டட்டுமா என்று காவலாளி கேட்டதற்கு நண்பர் வேண்டாம் என்றார். பிறகு ஆடு மேய்க்கும் பையன்கள் வந்தார்கள், அவர்கள் பின்னால் ஊர்த் தலைவர் வந்தார், ஒரு மணி நேரம் நாற்காலி போட்டுப் பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குப் பாதிதான் புரிந்தது. நிலத்தின் வடக்கு எல்லையைப் பற்றி என்று தெரிந்தது.

நவம்பரில் ஒருநாள் மோட்டாரைப் பார்க்கப் போயிருந்தேன். தொட்டியைச் சுற்றிய ஈர மண்ணில் ஆட்டுக் குளம்புத் தடங்களுக்கு நடுவே காவலாளி குனிந்து ஒன்றைக் காட்டினார். ஆட்டினுடையதைவிடச் சின்னது, கூரானது. "க்வாபே" என்றார். புதருக்குள் தனியாகத் திரியும் சின்ன மான் அது, இரவில்தான் வரும். நண்பர் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நிறைய நேரம் பார்த்தார். அப்புறம் வண்டிக்குப் போய் அந்தப் படத்தை எடுத்து பானெட்மேல் விரித்தார். எட்டுக் குடில்களும் அப்படியே இருந்தன. அம்புக்குறிக்கு எதிரே இருந்த 'மிருகங்கள்' என்பதை ரப்பரால் அழித்துவிட்டு, 'க்வாபே, 1' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.